அஸ்ரியா டீச்சர் சந்தேகப்பட்ட ஒளி

யுத்தம் முடிந்த மறு வருடம் அஸ்ரியாவின் வீட்டார் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய குடும்பம் அது. அப்போது அவளுக்கு ஏழு வயது. இருபது வருடம் புத்தளத்துக் கரைத்தீவில் இருந்துவிட்டு, அலுமாரியையும் கதிரைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வாப்பா, உம்மா, அண்ணனான நானா மூவரும் கிளம்பினார்கள். அஸ்ரியா மட்டும் நின்றுகொண்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை அவள்.

"டிசம்பர்ல புள்ளைகளுக்கு சோதினை வாப்பா. முடிச்சிட்டு இடமாற்றம் எடுத்திட்டு வாறன்" என்றாள்.

சோதினை முடிந்தது. அடுத்த வருடமும் ஒரு வகுப்பு சோதினைக்கு நின்றது. அப்படியே பத்து வருடம் போய்விட்டது. மன்னார் என்றால் அவளுக்கு ஞாபகத்தில் இருந்தது ஒரு கிணறும் சிமெந்துப் படியும்தான். அங்கே போய் என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. இங்கே இருந்து என்ன செய்கிறாள் என்றும் யாருக்கும் விளங்கவில்லை. மூன்று அறை வீட்டில் இரண்டைப் பூட்டி வைத்தாள். பாண் வாங்கினால் பாதி காய்ந்துபோகும்.

கொரோனாவில் ஊர் அடைபட்டுக் கிடந்தபோது, ஆசிரியர்களுக்கென்று தமிழில் நடந்த ஒரு சூம் கூட்டத்தில் நிரூபா என்ற வானியலாளர் பேசினார். உடப்பில் பிறந்தவர், நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. இளம் நட்சத்திரங்கள்தான் அவருடைய வேலை. பிறந்து அதிக காலமாகாத நட்சத்திரத்தைச் சுற்றித் தூசித் தட்டு ஒன்று இருக்கும், அந்தத் தூசி திரண்டுதான் கோள்கள் உருவாகின்றன, தூசி குறுக்கே வரும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒழுங்கில்லாமல் மங்கித் தெளியும் என்று விளக்கினார். இளம் நட்சத்திரங்கள் என்று கணினி பொறுக்கியெடுத்த மூவாயிரம் புள்ளிகளின் பட்டியல் தன்னிடம் இருக்கிறது, மனிதக் கண் பார்த்துச் சரிபிழை சொல்ல வேண்டும், யாராவது உதவுவீர்களா என்று கேட்டார். நாற்பது பேர் கையுயர்த்தினார்கள். இரண்டு மாதத்தில் அஸ்ரியா மட்டும் மிஞ்சினாள்.

பள்ளி விட்டு வந்து, லுஹர் தொழுது, சாப்பிட்ட கையோடு மடிக்கணினியைத் திறப்பாள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படம். அதன் வெளிச்சம் வருடக்கணக்காக ஏறி இறங்கியதைக் காட்டும் ஒரு வரைபு. ஒரு பின்னேரத்தில் பத்துப் பன்னிரண்டு பார்ப்பாள். பக்கத்து வீட்டு ஹிதாயா மீன்கறி கொண்டு வந்தபோது எட்டிப் பார்த்தாள்.

"இதப் பாத்து என்ன கிடைக்கும் டீச்சர்?"

"ஒண்டும் கிடைக்காது."

ஹிதாயா சிரித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளோடு கதைக்க ஒருவரும் வரவில்லை.

2022இல், மின்வெட்டு நேரம் பார்த்து வேலை செய்த நாட்களில், ஒரு புள்ளியிடம் வந்து அஸ்ரியா நின்றாள். வரைபு சரியாகத்தான் இருந்தது. ஒழுங்கில்லாமல் மங்கித் தெளிந்தது. படம்தான் சரியில்லை. பத்து நாள் அதையே பார்த்தாள். பழைய படங்களைத் தேடி எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். அயலில் இருந்த நட்சத்திரங்கள் வருடத்துக்கு ஒரு மயிரளவாவது நகர்ந்திருந்தன. இது இம்மியும் நகரவில்லை. நிரூபாவுக்கு எழுதினாள். பதினொரு நாள் கழித்து அழைப்பு வந்தது.

"டீச்சர், எதைப் பாத்து சந்தேகப்பட்டீங்க?"

"அக்கம்பக்கத்தில ஒண்டுமே இல்ல டொக்டர். இளம் நட்சத்திரம் வாயு முகிலுக்குள்ள, கூட்டமாப் பிறக்கும் என்டு நீங்கதான் சொன்னீங்க. இது தனிய நிக்குது. கூடப் பிறந்ததும் இல்ல, முகிலும் இல்ல."

"இதை நான் பாத்திருக்கோணும்" என்றார் நிரூபா. "பெரிய தொலைநோக்கியில நேரம் கேட்டு, நிறமாலை எடுத்துப் பாப்பம். மாசக்கணக்காகும். பொறுப்பீங்களா?"

"ஓம்" என்றாள் அஸ்ரியா. "எனக்கென்ன அவசரம்."

அதற்கு ஐந்தாம் மாதம் வாப்பா நெஞ்சு வலியில் மவுத்தானார். தகவல் கிடைத்து, பஸ் மாறி மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. இரண்டு கிழமை மன்னாரில் நின்றாள். அந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணி போட நானாவின் மனைவியான மைனியிடம் கேட்டுக் கேட்டுச் சீனி எடுத்தாள். அங்கே இருக்கும்போதுதான் நிரூபாவின் மின்னஞ்சல் வந்தது.

அது நட்சத்திரமே இல்லை. குவாசார். எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கும் வாயு சூடேறி ஒளிரும் வெளிச்சம். அவ்வளவு தூரத்தில் இருந்ததால்தான் அது நகர்ந்ததாகத் தெரியவில்லை. புறப்பட்டுத் தொள்ளாயிரம் கோடி வருடம். அப்போது பூமியே இல்லை. அவள் சொன்ன அதே முறையில் தேடியதில் இன்னும் பதினான்கு அகப்பட்டன. தன் கட்டுரையைத் திருத்தி எழுதுவதாகவும், எழுதியவர்களின் வரிசையில் அவள் பெயரைச் சேர்ப்பதாகவும் நிரூபா எழுதியிருந்தார்.

கணவனை இழந்து, வெளியே போகாமல் இத்தாவில் இருந்த உம்மாவிடம் போய் உட்கார்ந்து சொன்னாள். உம்மா கவனமாகக் கேட்டார்.

"அதுக்கு உன்ட பேரையா வெச்சாங்க?"

"இல்ல உம்மா. அதுக்கு ஒரு இலக்கம்தான். கட்டுரையில என்ட பேர் வருது. எல். அஸ்ரியா என்டு."

"எல் என்டா லத்தீப். வாப்பாட பேர்."

"ஓம் உம்மா."

உம்மா அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இனியாவது மாற்றம் எடுத்திட்டு வா மகள்" என்றார்.

கட்டுரை வெளிவந்ததும் அச்செடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாள். பதவி உயர்வுக்கு இது புள்ளி தருமா என்று அதிபர் விசாரித்தார். தராது என்றதும் "நல்ல விசயம், நல்ல விசயம்" என்று திருப்பிக் கொடுத்தார். ஆசிரியர் அறையில் யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் காட்டவில்லை.

மாற்றத்துக்கு அவள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நிரூபா புதிதாக நானூறு புள்ளிகளின் பட்டியல் அனுப்பியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்காகப் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டிருந்தது. முதல் படத்தில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாவதைத் திறந்தாள்.