மதுரைவீரனுக்குக் கால் விழுந்த கதை

மதுரைவீரன் எங்கள் ஃபோர்ஜிங் கம்பெனியில் ஹாமர் ஆள். ஓசூர் சிப்காட்டில், பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் பிடித்து ஹாமருக்கு அடியில் புரட்டிப் போடுகிற வேலை. அந்த வெக்கையில் நிற்பதற்கே ஆள் கிடைக்காது. இவன் முழு ஷிப்டும் நின்றுவிட்டு டீக்கு வரும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவான். சொந்த ஊர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். கம்பெனி கேட்டுக்குள் போன முதல் ஆள் இவன்தான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு கெட்ட பெயர். பண்டிகைக்கு மறுநாள் வேலைக்கு வரமாட்டான். தீபாவளிக்கு மறுநாள் ஆள் இருக்காது. பொங்கலுக்கு மறுநாளும் அப்படித்தான். யாராவது வீட்டில் கல்யாண விருந்து சாப்பிட்டாலும் அதே கதை. கேட்டால், "காலு வரலண்ணா" என்பான். கால் எப்படி வராமல் போகும்? சாயங்காலம் பார்த்தால் அதே காலோடு தெருவில் நடந்து போவான். அப்புறம் யார் நம்புவது? கம்பெனி முழுக்கக் குடிகாரன் என்று பெயர் விழுந்துவிட்டது. ஓசூரில் நான் அவனுக்குப் பக்கத்து வீடு. அவன் மேல் ஒருநாளும் சாராய வாடை வந்ததில்லை. ஆனால் அதற்காக ஊர் வாயை நானா மூட முடியும்?

2004-ம் வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சூப்பர்வைசர் சௌந்தரராஜன் அவனைக் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்து ஆள். நல்லது சொன்னாலும் திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

"ஏப்பா, ஒன்னையப் பர்மனன்ட் பண்ணச் சொல்லி மேல எழுதியிருக்கேன். பூசைக்கு மறுநா காலைல, மொத ஷிப்டுக்கு, ஏங் கண்ணு முன்னாடி நீ நிக்கணும். நிக்கலைன்னா அந்த எழுத்த நானே அடிச்சுப்புடுவேன்."

"நிப்பேன் சார்."

"கால் வரலைன்னு எவனாச்சும் வந்து சொன்னான், அவனையும் சேத்து வெரட்டிருவேன்."

இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

பூஜைக்கு முன்தினம் மெஷின்களைக் கழுவித் துடைக்கிற வேலை பெண்டு நிமிர்த்திவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி கிரீஸைச் சுரண்ட வேண்டும். மதுரைவீரன் தன் ஹாமரை மட்டுமல்ல, பக்கத்து ஹாமரையும் தேய்த்தான். மறுநாள் சந்தனம், குங்குமம், பூசணிக்காய் உடைப்பு, அப்புறம் சாப்பாடு. அவன் இனிப்புக்கு உயிரை விடுகிறவன். கேசரியை இரண்டாம் முறையும் வாங்கினான், பாயசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தான். "தின்னுடா, பர்மனன்ட் ஆளு" என்று பையன்கள் தங்கள் லட்டையும் அவன் இலையில் போட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தவன்தான்.

விடியும் நேரத்தில் அவன் பெண்டாட்டி கெம்பம்மா என் கதவைத் தட்டினாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண். பதற்றம் வந்தால் கன்னடம் கலந்துவிடும்.

"அண்ணா, பேக, சீக்கிரமா பாங்கண்ணா! இவருக்குக் காலே ஆடலீங்க!"

போய்ப் பார்த்தேன். பாயில் மல்லாந்து கிடந்தான். முகம் தெளிவாக இருந்தது, பேச்சும் தெளிவு.

"எந்திரிடா. அந்த ஆளு கேட்டுலயே நிப்பான்."

"வரலண்ணா. இடுப்புக்குக் கீழ வேற எவனோடதோ மாதிரி கெடக்குது. நீயே தூக்கிப் பாரேன்."

தூக்கிப் பார்த்தேன். விட்டதும் மரக்கட்டை மாதிரி பொத்தென்று விழுந்தது. கெம்பம்மா அதற்குள் குளுக்கோஸ் பொடியைக் கரைத்து ஒரு செம்பு குடிக்க வைத்திருந்தாள். ஆட்டோவில் போட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். அங்கிருந்த டாக்டர், "இது நம்மகிட்ட ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். கெம்பம்மா விடவில்லை.

"மொதல்ல ஒரு பாட்டிலு குளுக்கோஸ் ஏத்துங்க சார். கொஞ்சம் தெம்பு வந்தா அவரே எந்திரிச்சுப் போயிடுவாரு, கம்பெனிக்கு."

எங்கள் பக்கத்தில் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம். ஏற்றாத டாக்டரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டோம். அவரும் அலுத்துப்போய் மாட்டிவிட்டார். பாதி பாட்டில் இறங்குவதற்குள் அவனுக்குக் கையும் போயிற்று. கொஞ்ச நேரத்தில், "தலையத் தூக்க முடியலண்ணா" என்றான். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது. கெம்பம்மா வாயில் புடவையைப் பொத்திக்கொண்டாள். தொங்குகிற பாட்டிலோடு மறுபடி ஆட்டோ, அரசு ஆஸ்பத்திரி.

அங்கே ட்யூட்டியில் இருந்தது ஸ்வாதி என்று ஒரு பெண் டாக்டர். காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்:

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். லட்டுக்கு வருவதற்குள் டாக்டர் பாட்டிலைக் கழற்றிவிட்டார். நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "பொட்டாசியம் ரொம்பக் கீழ போயிருக்கு" என்று சொல்லி ஒரு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னார். முழுங்குகிறானா என்று பக்கத்தில் நின்று பார்த்தார். அவன் முகம் கோணியது. "வேப்பெண்ணெயே தேவலாம்" என்றான். பேசுகிறானே என்று எனக்கு உயிர் வந்தது.

கம்பெனியில் யாரோ போய்ச் சொல்லியிருப்பார்கள், அந்த நேரம் பார்த்து சௌந்தரராஜன் வந்து நின்றார். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நேராகப் போய்க் குனிந்து அவன் வாயை மோந்தார்.

"என்ன சார், கேசரி வாசன வருதா?" என்றான் மதுரைவீரன்.

"பேசாம கெட."

டாக்டர் அவரைப் பார்த்தார். "நீங்க யாரு? சூப்பர்வைசரா? சரி, அந்தக் காலக் கொஞ்சம் தூக்குங்க. ம், விடுங்க."

கால் விழுந்தது. அவர் இன்னொரு முறை தூக்கினார், விட்டார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அதற்கு செல் என்று பெயர். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வில் வாசல்கள் உண்டு, ஆள் போட்டுக் காவல் காக்கிற மாதிரி. நாம் சாப்பிடுகிற உப்பில் இருக்கிற சோடியத்தை அவை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். உப்புகள் இப்படிப் போய் வருவதில்தான் கரண்ட் பிறக்கிறதாம். அந்தக் கரண்ட் ஓடினால்தான் தசை ஆடும். பொட்டாசியம் முக்கால்வாசிக்கு மேல் உள்ளேதான் இருக்கும், ரத்தத்தில் இருப்பது கொஞ்சம். இனிப்பும் சோறும் வயிறு முட்டத் தின்றால் இன்சுலின் சுரந்து, சர்க்கரையோடு அந்தக் கொஞ்சத்தையும் உள்ளே தள்ளும். மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இவனுக்குப் பிறவியிலேயே ஒரு வாசல் சரியில்லை, ஒழுகுகிறது. அதனால் பொட்டாசியம் உள்ளே போய்விட்டால் இவன் தசை மட்டும் கரண்ட் இல்லாத மோட்டார்தான். பாடுபட்டு வேலை செய்துவிட்டு, நன்றாகத் தின்றுவிட்டுப் படுத்தால் விடியலில் இது வரும்.

"அப்போ நான் குடுத்த குளுக்கோஸு?" என்றாள் கெம்பம்மா.

"அது இன்னும் உள்ள தள்ளுச்சும்மா. உங்களுக்குத் தெரியாதுல்ல, அழாதீங்க." பிறகு மதுரைவீரனிடம் கேட்டார்: "இது வழிவழியா வர்றது. வீட்டுல வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?"

அவன் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"எங்கப்பனுக்குங்க," என்றான் கடைசியில். "மாரியம்மன் பண்டிக முடிஞ்சா மறாநாளு எந்திரிக்காது. குடிச்சிட்டு உழுந்து கெடக்குதுன்னு எங்கம்மா தண்ணிய மொண்டு மூஞ்சில ஊத்தும். குடிக்கலடான்னு கத்தும் அது. நாங்க சிரிப்போம். அப்புறம் வயசாக ஆக அது கொறஞ்சு போச்சு. குடிய உட்டுட்டாருன்னு ஊர்ல சொன்னாங்க."

சௌந்தரராஜன் எழுந்து வெளியே போனார். பீடி பிடிக்கிற ஆள் இல்லை. எதற்குப் போனாரோ.

ஷிப்டு முடிந்த பிறகு மறுபடி வந்தார். அவன் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கக் குனிந்தபோது கால் தானாக மடங்கி அவர் வயிற்றில் ஒரு உதை கொடுத்தது.

"அடேய்! மேலதிகாரியவே எத்துறான் பாருய்யா!"

வார்டே சிரித்தது. மதுரைவீரன் எழுந்து உட்கார்ந்தான்.

"சார், அந்த எழுத்து..."

"அடிக்கலடா. ஆனா ஹாமர்ல வேணாம். டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன். இன்ஸ்பெக்ஷன் டேபிளுக்கு வா. ஒன்னையக் குடிகாரன்னு எவனாச்சும் சொன்னா ஏங்கிட்ட சொல்லு."

"நீங்கதான சார் சொன்னீங்க."

"அதான் சொல்றேன்ல, ஏங்கிட்ட சொல்லுன்னு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரைவீரன் என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். அவன் அப்பா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இவன் அவர் முன்னால் போய் நின்று, உப்பு, வாசல், கரண்ட் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டினான். கடைசியில், "நீ குடிக்கலப்பா. ஒடம்புதான் அப்படி. எனக்கும் அதே" என்றான்.

கிழவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அத நான் அன்னிக்கே சொன்னனேடா."

கிழவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏ இருளாயி! இங்க வா. ஒம் பையன் என்னுமோ சொல்றான், வந்து கேளு."

அந்த அம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்தாள். எதிர் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிழவர் அவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்:

"மொதல்ல இருந்து சொல்றா. கொஞ்சம் சத்தமா சொல்லு."