எங்கள் வீட்டுக் கினோவாப் பிட்டு

என் கணவருடைய மத்தியானச் சோற்றுக் கோப்பையைப் பார்த்தால், அது ஒருவருக்குப் போட்ட சோறு என்று யாரும் நம்பமாட்டார்கள். கோப்பாயில் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் தோட்டம் இருக்கிறது. வெங்காயம், கத்தரி, பீட்ரூட் என்று காலத்துக்கு ஒன்று போடுவார். காலையில் தோட்டத்துக்குள் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை நிமிரமாட்டார். வந்து கிணற்றடியில் கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் சிவத்த அரிசிச் சோறு குவியலாக இருக்கவேண்டும், அதன் நடுவில் ஒரு குழி, குழி நிறையக் குழம்பு. தலை குனிந்தால் கோப்பை வெறுமையாகி வெளிக்கும்வரை ஒரு சொல் பேசமாட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று அவரிடம் சொன்னதில்லை.

அந்த மனிதரிடம்தான் கிளினிக்கில் டொக்டர், "ஐயா, சோத்தைக் குறையுங்கோ" என்று சொன்னார்.

மண்வெட்டி பட்ட ஒரு காயம். காற்பெருவிரலுக்குப் பக்கத்தில், சின்னதுதான். வெங்காயம் நடும்போது பட்டது, வெங்காயம் கிண்டுகிற காலம் வந்தும் ஆறவில்லை. நான் கத்திக் கத்தித்தான் ஆளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். இரத்தம் சோதித்தார்கள், சீனி ஏறிப்போயிருந்தது. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்த எனக்கு மாமாவின் நினைவுதான். மாமா, அதாவது இவர் அப்பு என்று கூப்பிடுகிற தகப்பன், இதே வருத்தத்தில்தான் ஒரு காலை முழங்காலோடு இழந்து, பிறகு கட்டிலிலேயே கிடந்து போனார். அந்தக் காலைக் கழுவித் துடைத்தவள் நான். வீடு வந்து கேற்றைத் திறந்துகொண்டு இவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"எனக்கெண்டு தனிய ஒரு சட்டி வைக்கிற வேலை வேண்டாம். எனக்குத் தனிச் சமையல் எண்டால் நான் வருத்தக்காரன். நீங்கள் தின்னிறதைத்தான் நானும் தின்னுவன்."

நல்லது, அப்படியென்றால் நாங்களும் சோற்றை விடுகிறோம் என்றேன் நான். உயர்தரம் படிக்கிற மகள் அப்பாவுக்குப் பின்னால் நின்று எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினாள். அவளும் தகப்பனைப் போலச் சோற்றுக்காரி.

விஷயம் கனடாவுக்குப் போனது. கனடாவில் இருப்பது என் மச்சாள், இவருடைய தங்கை. அண்ணை என்றால் அவவுக்கு உயிர். அந்தக் கிழமையே ஊருக்கு வந்த ஒரு தெரிந்த குடும்பத்திடம் ஒரு பை கொடுத்துவிட்டா. கனடாவிலிருந்து வருகிற எந்தப் பையைத் திறந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது சவுக்கார வாசம்தான். உடுப்பு, சொக்கிலேட், மருந்து எல்லாவற்றுக்கும் நடுவில் நாலைந்து வாசனைச் சவுக்காரம் செருகி விடாவிட்டால் அங்கே இருப்பவர்களுக்குப் பை கட்டின மாதிரி இருக்காது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொக்கிலேட்டின் ருசியே அதுதான் என்று நினைத்து வளர்ந்தவர்கள். அந்தப் பையின் அடியில், சவுக்காரங்களுக்குக் கீழே, இரண்டு பெரிய பொதிகளில் இருந்தது கினோவா. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, வெளிறிய மணி. சோற்றுக்குப் பதிலாக இதைச் சமைத்துக் கொடுங்கள், சீனி ஏறாது என்று மச்சாள் குரல் பதிவு அனுப்பியிருந்தா.

சோற்றுக்குப் பதில் என்றால் சோறு மாதிரித்தானே சமைப்பது? அரிசியைக் கழுவுகிற மாதிரி ஒரு தரம் தண்ணீர் விட்டு அளைந்தேன். குபுகுபு என்று நுரை தள்ளியது. உடுப்புத் தோய்க்கிற வாளியைப் போல நுரை. வாயில் இரண்டு மணி போட்டுப் பார்த்தேன், கசப்பு. எனக்கு வந்ததே ஒரு கோபம்! அடி கோதாரி, சவுக்காரத்தோடு சேர்த்துக் கட்டி, சவுக்காரம் எல்லாம் இதற்குள் இறங்கிவிட்டது. சரி, பெருங்காசு கொடுத்து வாங்கின சாமான், வாசம் போகட்டும் என்று முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் காயப்போட்டேன். பக்கத்தில் கதிரை போட்டு, காகம் கலைக்க ஒரு தடியும் எடுத்துக்கொண்டு காவல் இருந்தேன். ஒரு காகம் வரவில்லை. குருவி ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு பறந்துபோனது.

அப்படியே காய்ந்ததை எடுத்து மத்தியானம் அவித்தும் வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்தார், மெல்ல எழும்பிப்போய்த் துப்பிவிட்டு வந்து, "இண்டைக்கு எனக்குப் பசியில்லை" என்றார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. மச்சாளைக் கூப்பிட்டேன்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. உந்தச் சாமானைச் சவுக்காரத்தோடை வைச்சுக் கட்டிப்போட்டியள். ஒரே நுரை. உங்கடை அண்ணை தின்னாமல் எழும்பிட்டார்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஐயோ மச்சாள், அது சவுக்காரமில்லை. அதின்ரை தோலிலையே அந்தக் கசப்பு இருக்கு. நுரை போகுமட்டும் நல்லாத் தேய்ச்சுக் கழுவவேணும். சொல்ல மறந்துபோனன்."

"மறந்துபோனியளோ? நான் இஞ்சை தடியோடை காகம் கலைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"காகம் வராது மச்சாள். குருவிகூட உதைத் தொடாது. அந்தக் கசப்பே அதுக்குத்தான்."

சிரிப்பை நிறுத்த அவவால் முடியவில்லை. எனக்கும் வந்தது, ஆனால் கோபத்தில் கூப்பிட்டவள் உடனே சிரித்தால் மரியாதை இல்லையே. "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த தரம் நுரை அடங்கும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கசப்பு இல்லை, வாசம் இல்லை, பூப்போல வெந்தது. ஆனால் நான் தேர்ந்தெடுத்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. அவர் தலைக்குத் தோய்ந்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து இருந்தார். கினோவா அவிந்தால் ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு மெல்லிய வளையம் கழன்று சுருண்டு நிற்கும். அதை நான் கவனிக்கவேயில்லை. அவர் கவனித்தார். கையில் எடுத்ததைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இஞ்சேரும், உதுக்குள்ளை புழு."

"என்ன கதை கதைக்கிறியள்? புழுவோ?"

"பின்னை உதென்ன? முழுக்கப் புழு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

மகள் ஓடிவந்து தொலைபேசியில் படம் காட்டினாள். "அப்பா, அது புழுவில்லை, முளை. விதையின்ரை முளை."

"முளையோ என்னவோ, நெளியிற மாதிரிக் கிடக்கு." எழும்பிவிட்டார். ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு, அதோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

நானும் பின்னால் போனேன். அடுப்பில் கறி தீய்ந்தாலும் தீயட்டும் என்று போனேன். கிணற்றடியில் பிடித்துக்கொண்டேன், பக்கத்து வளவுக்குக் கேட்கும் என்றும் பார்க்கவில்லை. "விடியமுதல் எழும்பி உதைக் கழுவி, கையெல்லாம் ஊறிப்போச்சு. ஆருக்காக? எனக்குத் தின்ன விசரோ?"

அவர் கத்தவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்து, காலில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "என்னை விடும். அப்புவுக்கு வந்தது எனக்கும் வரும். அது எங்கடை இரத்தத்திலை கிடக்கு. இருக்குமட்டும் வாய்க்கு ருசியாத் திண்டிட்டுப் போறன். அடுத்த போகத்துக்குத் தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன்."

தோட்டத்தை வேறு ஆளிடம் கொடுப்பதா? காய்ச்சலோடும் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறப் போகிற மனிதர் இவர். ஆள் தன்னை ஏற்கெனவே கட்டிலில் கிடத்திவிட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. சோற்றைக் குறைப்பதில் அல்ல, இன்னும் கொஞ்சக் காலம் இருப்பதில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"நீங்கள் போங்கோ. நல்லாப் போங்கோ. நானும் பிள்ளையும் என்ன செய்யிறது? எனக்குப் பயமாக் கிடக்கு, தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டேன். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் பயம் என்ற சொல்லை அவரிடம் நான் சொன்னதில்லை. சண்டைதான் பிடித்திருக்கிறேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, சரி, அழாதையும். சமையும், தின்னிறன்" என்றார்.

தின்றார். அதுதான் எனக்கு இன்னும் வேதனை. நான் போட்டதை மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கிவிட்டு எழும்புவார். சொதி விட்டுக் கொடுத்தேன், தாளித்துக் கொடுத்தேன், கரட்டும் லீக்ஸும் வெட்டிப்போட்டுப் பிரட்டிக் கொடுத்தேன். மகள் "அம்மா, இது நேத்தையான் எதிரியின்ரை தம்பி" என்று பகிடி விட்டாள். அவர் மெலிந்துகொண்டு வந்தார்.

ஒருநாள் நான் அவருக்கு எதிரே இருந்து அவருடைய கையையே பார்த்தேன். சோறு என்றால் குழம்போடு குழைத்து, விரல் நுனியால் திரட்டி, பெருவிரலால் தள்ளுவார். கினோவா திரளவில்லை. விரலிடுக்கால் வழுகிக் கோப்பையில் கொட்டியது, பாதி மணி உள்ளங்கையில் ஒட்டியது. குழம்பு ஒரு பக்கம் ஓட, மணி ஒரு பக்கம் நின்றது. மகள் ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை. கரண்டியாலை தின்னிறது ஆசுப்பத்திரியிலை" என்றார்.

அட, இதுதானா சங்கதி! மச்சாள் வீட்டில் எல்லாரும் இதைக் கரண்டியால் சாப்பிடுகிறார்கள். கரண்டிக்கு இது சரி. எங்களுக்குக் கையில் திரளவேண்டும். நான் இவ்வளவு நாளும் நாக்குக்குச் சமைத்திருக்கிறேன், கைக்குச் சமைக்கவில்லை. கறியோடு குழைத்தால் கையில் திரளுவது, சோற்றை விட்டால் எங்களுக்கு வேறு என்ன? பிட்டுத்தான்.

நன்றாகக் கழுவி, சுளகில் பரப்பிக் காயவைத்தேன். தாச்சியில் போட்டு, கச்சான் கடலை வறுக்கிற மாதிரி ஒரு வாசம் எழும்பும்வரை வறுத்தேன். மிக்சியில் குருணலாக அரைத்தேன், புழு என்று சொல்ல அதற்குள் இனி ஒன்றும் இல்லை. அரிசிமாவுக்கு விடுகிற மாதிரிக் கொதிதண்ணீர் விட்டேன், களியாகிப் போனது. அதை நானே தின்று முடித்தேன். அடுத்த நாள் தண்ணீரை ஆறவிட்டுத் தெளித்தேன், மணல் மாதிரி உதிர்ந்தது. பிறகு ஒரு பிடி குரக்கன் மாவையும் சேர்த்து, தண்ணீரை இளஞ்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறி, தகரப் பேணியின் விளிம்பால் கொத்தினேன். சின்னச் சின்ன உருண்டையாக வந்தது. எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தில் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தேங்காய்ப்பூவைக் கலந்து, பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் நிரப்பி ஆவியில் வைத்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வல்வெட்டித்துறையிலிருந்து வருகிற மீன்காரரிடம் விளைமீன் வாங்கிப் புளிவிட்டுக் குழம்பு வைத்திருந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. ஒன்றும் சொல்லாமல் கோப்பையில் பிட்டைக் கொட்டிக் குழம்பை ஊற்றினேன். மகள் முதல் வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது உண்மையா நல்லாக் கிடக்கு. பொய்யில்லை" என்றாள்.

அவர் குழைத்தார். திரண்டது. பெருவிரலால் தள்ளினார். இன்னொரு வாய். மீனைப் பிய்த்து, வறையைச் சேர்த்து இன்னொரு வாய். தலை குனிந்துவிட்டது. கோப்பை வெளித்தது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் போடும்."

இந்தச் சொல்லைக் கேட்கத்தானே இத்தனை பாடு! நீத்துப்பெட்டியை எடுத்துவிட்டேன். உள்ளே சுடச்சுட இன்னும் பாதி இருந்தது. அப்போதுதான், கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. எந்தத் தானியமென்றாலும் அளவுதான் அம்மா, கூடப் போட்டால் இதுவும் சோறுதான். பெட்டியைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. நீட்டிய கோப்பை எனக்கு முன்னால் இருந்தது. எந்தப் பெண்சாதிக்கும் இப்படி ஒரு சோதனை வரக்கூடாது.

"காணும்" என்றேன். "இண்டைக்கு உது காணும்."

"அம்மா, குடுங்கோவன், பாவம்" என்றாள் மகள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கோபிக்கப்போகிறார், எழும்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார்.

"சரி. அப்ப நாளைக்கும் உதையே அவியும்" என்றார்.