பதிமூன்றாம் பக்கம்

அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்த வாள்வீரன் கதையை நான் ஒழுங்காகப் படித்தேன். அதற்கு முன் ஐம்பது வருடமாக அதைத் தப்பாகவே தெரிந்து வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள்.

அப்பா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினார். கலர் விலகிப் போன தாள்களை, நோட்டுக்கு அட்டை போட வீட்டுக்குக் கொண்டு வருவார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் அட்டை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போன நானும் அண்ணனும் காலண்டர் முருகன் போட்ட நோட்டில் கணக்குப் போட்டோம். பட்டாசு லேபிள் போட்ட நோட்டில் வேதபாட வசனம் எழுதினோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அம்மா மஞ்சள்காமாலையில் இறந்த வருடம், அப்பா ஒரு காமிக்ஸ் தாளைக் கொண்டு வந்தார். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. பாய் அகலத்துக்கு இருந்த அந்தத் தாளில் ஒரு பக்கம்தான் அச்சாகியிருந்தது. பின்பக்கம் வெள்ளை. கதை பதினாறு பக்கம், தாளில் இருந்தது எட்டு. அந்த எட்டும் வரிசையாக இருக்காது. தாளை மடித்துத் தைத்து வெட்டினால்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும். விரித்த தாளில் நாலுக்குப் பக்கத்தில் பதிமூன்று இருக்கும், பதினாறுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும், மேல் வரிசை தலைகீழாக நிற்கும். எங்களுக்கு அந்த விவரம் தெரியாது. தரையில் விரித்துப் போட்டு இடமிருந்து வலமாகப் படித்தோம்.

முதலில் ஒரு சந்தை. வாள்வீரனும், அவனுக்குத் தீப்பந்தம் பிடிக்கிற தோழனும் தூரத்தில் தெரிகிற மந்திரவாதியின் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த பக்கத்தில் கல்பாம்பு உயிர்பெற்றுப் பந்தக்காரனை நெரித்துக் கொல்கிறது. அதற்கடுத்து, கல் குவித்த குழிமேட்டின் முன்னால் வாள்வீரன் தனியாக நிற்கிறான். அதற்கும் அடுத்து, பெரிய எழுத்தில் கதையின் பெயர். கீழே இரண்டு பேரும் காட்டு வழியே சிரித்துக்கொண்டு வருகிறார்கள். தலைகீழ் வரிசை நேராகும்படி தாளைச் சுற்றிப் போட்டால் சுவர் ஏறுகிறார்கள், காவலாளிகளை வெட்டுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து சுட்ட இறைச்சி தின்கிறார்கள்.

செத்தவன் திரும்பி வந்து சாப்பிடுகிறான்! உலகத்தில் இதைவிட நல்ல கதை உண்டா?

"செத்தவனுக்கு எப்படிண்ணே உயிர் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மந்திரம் போட்டிருப்பாக."

"என்ன மந்திரம்?"

அண்ணன் தாளின் ஓரத்தைத் தூக்கி வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தான். "அது அந்தப் பக்கம் இருக்கும், தாயி. இன்னும் அச்சாகலை."

அன்றிலிருந்து அந்த வெள்ளைப் பக்கத்தை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எதற்குப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மந்திரம் கிடைத்தால் அம்மாவுக்குப் போடலாம் என்றுதான்.

பிறகு அண்ணன் அதே ஊரில் பைண்டிங் வேலைக்குப் போனான். நான் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகிச் சூலக்கரைக்கு வந்துவிட்டேன். போன வருடம் அண்ணனை மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கணையத்தில் புற்று. முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். சில வாரம்தான் என்றார். மதினி என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுககிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. வயித்துப் புண்ணுன்னே சொல்லிருவோம். உனக்குத்தான் வாய் நிக்காது. சத்தியம் பண்ணு."

எனக்கு வாய் நிற்காது என்பது உண்மைதான். உங்கள் பையன் தேறமாட்டான் என்று பெற்றவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். "ஒனக்கு வாயில சனி" என்று அண்ணனே சொல்வான். நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் மறைத்து, வீடே சேர்ந்து நடிக்கிற வழக்கத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அன்றைக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச எதுவும் இருக்காது. எதைப் பேசினாலும் அடுத்த மாதத்தில் போய் முட்டும். அப்போதுதான் அவன், "அந்தப் பந்தக்காரன் கதை எங்கனயாச்சும் கிடைக்குமா?" என்று கேட்டான். தேடினேன். அந்தக் காமிக்ஸை இப்போது கெட்டி அட்டையில், வழவழ தாளில் மறுபடி போட்டிருந்தார்கள். கூடவே, காமிக்ஸுக்கு மூலமான இங்கிலீஷ் கதைத் தொகுப்பையும் வாங்கினேன்.

மூலக்கதையை முதலில் படித்தேன். எழுதியவனுக்கு மந்திரவாதியின் மாடத்து விளக்கை வர்ணிக்க ஒன்றரைப் பக்கம் வேண்டியிருந்தது. பந்தக்காரனைக் கொல்ல ஒரே வரி போதுமாக இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தேன். காமிக்ஸ் வரைந்தவன் எவ்வளவோ தேவலை. அந்தச் சாவுக்கு முழுசாக ஒரு பக்கம் கொடுத்து, கீழே விழுந்த பந்தம் அணைவதைத் தனிக் கட்டமாகப் போட்டிருந்தான். தமிழில் போட்டவர்களும் தங்கள் பங்குக்கு மந்திரவாதியின் அரசிக்கு மையால் ரவிக்கை வரைந்து விட்டிருந்தார்கள். ஆனால் எந்தப் புத்தகத்திலும் பந்தக்காரன் திரும்பி வரவில்லை. பதிமூன்றாம் பக்கத்தில் செத்துப் பதினாறாம் பக்கத்தில் குழிக்குள் போகிறான். சத்திரத்துச் சாப்பாடு ஐந்தாம் பக்கம். அதை அவன் உயிரோடு இருந்தபோதே சாப்பிட்டு முடித்திருக்கிறான். அறுபது வயதுக்காரி ஒரு காமிக்ஸுக்காகக் கேவிக் கேவி அழுதேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். விலா எலும்பு தெரிய மூச்சு ஏறி இறங்கியது. பன்னிரண்டாம் பக்கம் முடிந்தது. அடுத்ததைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. சத்தமில்லாமல் தாள்களைப் பின்னால் புரட்டிச் சத்திரத்துக்குப் போனேன். இறைச்சி தின்கிறார்கள், சிரிக்கிறார்கள், கதை முடிந்தது என்றேன்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "பதிமூணை விட்டுட்டே."

நான் புத்தகத்தை மூடினேன்.

"முப்பது வருசம் பைண்டிங்ல இருந்தவன்கிட்டயா? எந்தப் பக்கம் எங்கன விழும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்ப அவன் செத்தது உனக்குத் தெரியுமா?"

"வேலைக்குப் போன மொத வாரமே தெரியும்."

"ஏண்ணே என்கிட்டச் சொல்லலை?"

"அவன் வந்துட்டான்னு நீ நம்பிக்கிட்டு இருந்தே. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." அப்போதுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "எல்லாரும் சேந்து எனக்கும் அப்படித்தான் செய்றீகளோ?"

அடுப்படியில் மதினி பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றாள். கேட்டுவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "டாக்டர் என்ன சொன்னாரு? அவகிட்ட கேட்டா அழுவா. பிள்ளைககிட்ட கேக்க முடியாது. நீதான் பூசி மெழுகத் தெரியாதவ. அதான் உன்கிட்ட கேக்கேன்."

"வயித்துப் புண்ணுதாண்ணே. மருந்து பிடிச்சிருச்சு. ஒரு மாசத்துல எந்திரிச்சிருவே."

வாய் கூசாமல் வந்தது. அம்புட்டு நன்றாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "சரி, தாயி" என்றான். மதினி கஞ்சி கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருந்தான். ஒரு தடவைகூட யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இந்தத் தடவை பெரிய நட்சத்திரமாகக் கட்ட வேண்டும் என்றான். எந்திரிச்சதும் காரியாபட்டியில் இருக்கிற சிநேகிதனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றான். நாங்கள் ஆமாம் ஆமாம் என்றோம். அவன் எங்களுக்காகத்தான் அதையெல்லாம் பேசினான் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளிடம் சொல்ல அவனுக்கு ஏதாவது இருந்திருக்கும். மதினியிடம் சொல்லவும் இருந்திருக்கும். சொன்னால் எங்கள் நடிப்புக் குலைந்துவிடும் என்று எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசி வரைக்கும் என்கிட்ட ஒத்த வார்த்தை கேக்கலை. உன்கிட்ட ஏதும் கேட்டாகளா?"

"இல்லை மதினி."

"அப்பத் தெரியாமத்தான் போயிருக்காக. கர்த்தர் அந்த மட்டுக்கும் நிம்மதியா எடுத்துக்கிட்டாரு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, ஆமாம் மதினி என்றேன்.