நாலு பாகம் தள்ளி

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு மஞ்சள் நைலான் கயிறு இருக்கிறது. ஒரு காலத்தில் வலையோடு சேர்ந்து ஏரியில் கிடந்த கயிறு. வலை நைந்ததும் வெட்டி எடுத்து, ஒரு பாகத்துக்கு ஒரு முடிச்சு என்று போட்டு வைத்தது. பாகம் என்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நீட்டினால் வருகிற நீளம். தண்ணீரின் ஆழத்தையும் வலையின் நீளத்தையும் எங்கள் பக்கத்து மீனவர்கள் அப்படித்தான் அளப்பார்கள். இந்தக் கயிற்றில் இருப்பது எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாம்மாவின் கையளவு. என் கையை விரித்துப் பார்த்தால் முடிச்சுக்கு நாலு விரல் எட்டாமல் போகும். அவர் என்னைவிட நல்ல உயரம். வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் என் மகள் இதைத் தூக்கிப்போடப் பார்ப்பாள். "துணி காயப்போடக்கூட லாயக்கில்லம்மா, முடிச்சு முடிச்சா இருக்கு" என்பாள். நான் வாங்கி உள்ளே வைத்துவிடுவேன்.

நான் காட்டூர்க்காரி. நெல் விளைகிற ஊரில் பிறந்தவளுக்கு ஏரிக்கு அந்தாண்டை இருக்கும் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலத்தைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் போகவேண்டும். இரண்டே அறை, ஐந்து வகுப்பு. சுனாமிக்குப் பிறகு பக்கத்தில் வரிசையாக வீடுகள் கட்டி, இன்னும் இரண்டு குப்பத்துக் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வீடு கட்டியவர்களுக்கு, அந்த வீடுகளுக்குள் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. எள் போட்டால் எள் விழாது என்பார்களே, எங்கள் அறையில் எள் போட்டால் அது ஏதாவது ஒரு பிள்ளையின் தலையில்தான் விழும். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு கரும்பலகையைப் பார்க்கும். ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போகவேண்டுமானால் ஒரு வரிசையே எழுந்து நிற்கவேண்டும். ஒருத்திக்குக் கண்வலி வந்தால் மூன்றாம் நாள் எனக்கும் வந்துவிடும். மழை வந்தால் வேப்பமரத்தடி வகுப்பும் உள்ளே புகும். அன்றைக்குப் பாடம் கிடையாது, பாட்டுதான்.

அந்த நெரிசலில் யார் எங்கே உட்காருவது என்று எனக்கே தெரியாது, ஆயாம்மாவுக்குத் தெரியும். ஆயாம்மா என்றதும் கிழவி என்று நினைத்துவிடவேண்டாம். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சத்துணவில் வேலை பார்த்தால் எந்த வயதிலும் ஆயாம்மாதான். சோற்றை இறக்கிவிட்டுக் கரண்டியும் கையுமாக வந்து வாசலில் நின்று, "தே, இன்னாத்துக்கு அந்தப் புள்ள மேல சாயற? அது இன்னா சொவரா?" என்று ஒரு அதட்டல் போடுவார். இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் எங்கிருந்தோ ஒரு சாண் இடம் முளைக்கும்.

புதிய கட்டடம் கொடுக்கிறோம், இடம் காட்டுங்கள் என்று மேலே இருந்து ஒரு வருடம் உத்தரவு வந்தது. அங்கேதான் வந்தது வினை. ஏரியோரம் மார்கழியில் தண்ணீர் ஏறும். வலை காயப்போடும் திடலைக் கேட்டால், "வலைய எங்க டீச்சர் கொண்டுபோய் ஒணத்தறது, உங்க தலை மேலயா?" என்றார்கள். வடக்கே போனால் பறவைகளுக்கான இடம், வனத்துறை விடாது. பழவேற்காட்டுப் பெரியவர் ஒருவர், பழைய வியாபாரக் குடும்பத்து முஸ்லிம், தன் தென்னந்தோப்பில் ஒரு பக்கத்தைத் தருகிறேன் என்று மனசாரச் சொன்னார். போய்ப் பார்த்தால் தோப்பு அண்ணன் தம்பி வழக்கில் கோர்ட்டில் கிடந்தது. மார்ச் முடிவதற்குள் இடம் காட்டாவிட்டால் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்கோபம் அதிகம். அந்த மாசி மாதத்தில் என்னிடம் அடி வாங்காத பிள்ளை குறைவு. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மிச்சம் இருந்தது ஒரே இடம், குப்பத்துக்குத் தெற்கே இருந்த மணல்மேடு. காலியாகக் கிடந்ததற்குக் காரணம் உண்டு. பால்குடி மறக்காத பிள்ளைகள் இறந்துபோனால் அந்தக் குப்பத்தில் பெரியவர்களோடு புதைப்பதில்லை, அந்த மேட்டில்தான் புதைப்பார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது. தகப்பன் மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவான். அந்த வழக்கம் நின்று வெகுநாள் ஆகிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். ஆயாம்மாவின் மகள் அங்கே இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியவந்தபோது கட்டடத்துக்கு ஆறு வயது ஆகியிருந்தது.

ஊர்க்கூட்டம் கோயில் வாசலில் நடந்தது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூரத்தில் நிற்பார்கள், வாய் திறப்பதில்லை. டீச்சர் என்பதால் எனக்கு ஒரு நாற்காலி. ஆயாம்மா டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊர்த் தலைவர் நியாயமான மனிதர். வெளிப்படையாகவே கேட்டார்: "யாரு வூட்டுக் கொழந்தையாவது அந்த மேட்டுல கீதா? கீதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஒருத்தரு சொன்னாலும் வுட்டுடுவோம். அப்பால வந்து கண்ணக் கசக்கக் கூடாது." இரண்டு கிழவர்கள், தங்களுடையதெல்லாம் எப்போதோ கரைந்துபோயிருக்கும் என்றார்கள். வேறு யாரும் பேசவில்லை. ஆயாம்மாவின் வீட்டுக்காரருக்கு அன்று ஏரியில் வலை போடும் முறை, அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆயாம்மா தட்டோடு என் எதிரில் நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் கடைசி பஸ்ஸை நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே இடத்தை அளந்து படம் அனுப்பவேண்டும். டேப் இல்லை. ஆயாம்மாதான் இந்தக் கயிற்றைக் கொண்டுவந்தார். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. பதினொரு மணி வெயிலில் மணல் பொரிந்தது. கிழக்கு மூலைக்கு வந்ததும் அவர் நின்றார். புருவத்தின்மேல் கையை வைத்து லைட்ஹவுஸ் பக்கம் பார்த்தார். திரும்பிக் கோயில் பக்கம் பார்த்தார். அரை அடி நகர்ந்தார். மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தார். வீட்டுக்காரரின் படகைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். அந்தச் சூட்டில் செருப்பைக் கழற்றுகிறாரே, என்ன கிறுக்கு என்றுகூடத் தோன்றியது.

"டீச்சர், நாலு பாகம் தள்ளிப் புடிப்பமா?" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான். அந்தாண்ட காத்து நல்லா வரும்."

"நாலு பாகம் தள்ளினா பள்ளத்துல இறங்கிடும் ஆயாம்மா. மழைக்குத் தண்ணி நிக்கும். காத்து வாங்கவா பள்ளிக்கூடம் கட்டுறாங்க?"

அவர் பள்ளத்தைப் பார்த்தார். பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினார். வேப்பமரத்தடி வகுப்பு வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தது இங்கேவரை கேட்டது. "சரி டீச்சர், இங்கயே இருக்கட்டும்" என்றார்.

கட்டடம் வந்தது. பொறியாளர் டேப் போட்டு அளந்தபோது அந்த மூலை இரண்டடி வெளியே தள்ளிப்போனது. ஒன்றாம் வகுப்பு அறையின் மூலை அது; நாங்கள் கயிறு பிடித்த இடம் அறைக்குள் வந்துவிட்டது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது ஆயாம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த மூலையில் ஒரு ஜன்னல் வேண்டும். கொத்தனார் முணுமுணுத்தார். செலவில்லாத விஷயம்தானே என்று நான் வைக்கச் சொன்னேன்.

அந்த அறைக்குள் அவர் செருப்புப் போட்டு வந்ததில்லை. அறையைத் தானேதான் பெருக்குவார். ஜூன் மாதம் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் அம்மாவைத் தேடி அழும். எந்தப் பிள்ளை அதிகம் அழுகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஜன்னலோரம் உட்காரவைப்பார். "இங்க குந்து கண்ணு. இங்க குந்தினா அழ வராது." பிள்ளை அடங்கிவிடும். "இன்னா ஆயாம்மா, மந்திரம் போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று அவர் பேச்சிலேயே கேலி செய்வேன். சிரிப்பார். எத்தனை ஜூன் மாதம் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

நான் மாற்றலாகிப் பொன்னேரிப் பக்கம் வந்த பிறகு, காமாலையில் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. காரியத்துக்குப் போனேன். அவர் வீட்டுக்காரர் என்னைத் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். விடுமுறை நாள், அறை காலி. என்னை ஜன்னலோரம் நிற்கவைத்து வெளியே கையைக் காட்டினார்.

"லைட்டவுசும் ஒத்தப் பனையும் ஒரே நேருக்கு வருதா? இப்ப திரும்பி வாசப் பக்கம் பாருங்க. கோயில் கோபுரம் தண்ணித் தொட்டி பின்னால போய் மறையுதா? ரெண்டும் சேர்ந்து வந்தா அதான் எடம். கடல்ல வலை வுட்ட எடத்த இப்பிடித்தான் வெச்சிக்குவோம். என் பொண்ண வெச்ச எடத்தையும் அப்பிடித்தான் வெச்சேன். தாய்கிட்ட சொல்லக்கூடாதும்பாங்க. அவ தெனம் கேட்டா. சொல்லிட்டேன்."

எந்த இடத்தில் நிற்கிறேன் என்று தெரிந்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவர் தொடர்ந்தார்: "எடம் குடுத்தது தெரிஞ்சி நான் கத்துனேன் டீச்சர். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊரே வுட்டிருக்குமேன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? 'இத்தினி நாளு தனியா கெடந்துச்சு. இனிமே புள்ளைங்களோட இருக்கட்டும் வுடு'ன்னா."

ஊர்க்கூட்டத்தில் பெண் பேசக்கூடாது என்பதால் அவர் வாயை மூடிக்கொண்டாரா, அல்லது உண்மையிலேயே மனசு வந்து கொடுத்தாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. ஆனால் நாலு பாகம் தள்ளிக் கேட்டவர் அவர்தானே. நான் சரி என்றிருந்தால் தள்ளித்தான் பிடித்திருப்பார். ஏன் என்று கேட்டேனே தவிர, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

போன மாதம் இப்போதைய தலைமையாசிரியை போன் செய்தார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் மறுபடி நிரம்பி வழிகிறதாம். கிழக்குப் பக்கம் ஒட்டி இன்னும் இரண்டு வகுப்பறை வருகிறதாம், பழைய அளவு ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒன்றாம் வகுப்பு அறையில் பிள்ளைகள் பழையபடி தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலை அடைக்கச் செங்கல் வந்து இறங்கியிருந்தது. அடைத்துவிட்டால் லைட்ஹவுஸ் தெரியாது, பனை தெரியாது.

ஆயாம்மாவின் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டது. நான் வந்திருப்பது கேட்டுத் தடியூன்றிக்கொண்டு வந்தார். ஜன்னலை மட்டுமாவது விடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர். புள்ளைங்க எங்க குந்தும்? அவ இருந்தாலும் அதான் சொல்லுவா" என்றார். பிறகு, "அன்னிக்கு கயிறு புடிக்கறப்ப அவ அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்லை. இங்கயே இருக்கட்டும்னு சொன்னாங்க" என்றேன். அது பொய்யில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கயிறு பிடித்த அன்றைக்கு, ஆயாம்மா அப்படிச் சொன்ன பிறகு நடந்ததை நான் அவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கிழக்கு மூலையில் முளைக்குச்சி அடிக்கவேண்டியிருந்தது. குச்சியையும் கல்லையும் ஆயாம்மாவிடம் கொடுத்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து மெள்ள, தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டினார். குச்சி சாய்ந்தது. "சாப்பாட்டு நேரமே வந்துடும் ஆயாம்மா, நல்லா அழுத்தி அடிங்க" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. கல்லை ஓங்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் பொறுமை இழந்து அதைப் பிடுங்கி, என் பலம் கொண்டமட்டும் நாலு அடி அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் உள்ளங்கையால் அந்த மணலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். குச்சி ஆடாமல் இருக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அடித்து முடித்ததும் அந்தக் குச்சியில் இந்தக் கயிற்றைக் கட்டினேன். கடைசி முடிச்சுக்கு அப்பால் கயிறு கொஞ்சம் பிரிந்திருப்பது, அன்று கட்டிய அந்த இடத்தில்தான்.