தேர்தலுக்கு வந்த இரட்டைக்குழல்

துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு முதல் எதிரி கொட்டாவி. ஆளே வராத கடையில் காலம் தள்ளியவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் அப்படியொரு கடைக்கு நான் ஒற்றைச் சிப்பந்தி. முதலாளி எப்போதாவது எட்டிப் பார்ப்பார். குரோம்பேட்டையில் ஒரு வாடகை அறை; அங்கேயும் பேச ஆளில்லை.

பன்றி வேட்டை

கேளம்பாக்கத்திலிருந்து ஒரு நிலக்காரர் வருஷம் தவறாமல் வருவார். பயிரைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற அவர் அப்பா வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுக்க வேண்டும். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றாயிற்றே, இனி எதைச் சுடப்போகிறீர்கள் என்று கேட்டேன். பேச்சு கொஞ்சம் நீளட்டும் என்ற நப்பாசைதான். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நெலம் பூட்ச்சி, பன்னியும் பூட்ச்சி. லைசென்சு மட்டும் கீது சார்."

ஒரு சிபாரிசு

தேர்தல் வந்தால் மட்டும் கடை களைகட்டும். லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்தபின் வாங்கிப்போக வேண்டும். அப்படித்தான் சேலையூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற மேஜர் வந்தார். அவருடையது பழைய இங்கிலீஷ் ரைஃபிள். ஒட்டினாற்போல் இரண்டு குழல், இரும்பில் மான் செதுக்கியிருக்கும். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு அதை என்னிடம் கொடுத்தார். கூட வந்த அவர் மனைவி, அவர் ஆட்டோவுக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார்:

"இது வீட்ல இல்லாத நாள்லதான் அவர் என்கூட பேசுவார். அவசரப்படாம திருப்பிக் குடுங்க தம்பி."

முடிவு வந்த பிறகு

அடுத்த தேர்தலுக்குள் அந்த அம்மா தவறிப்போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. மேஜர் தனியாக வந்து ஒப்படைத்தார். முடிவு வந்து எல்லோரும் வாங்கிப்போன பிறகும் அவர் மட்டும் வாங்கவில்லை. நாள் விட்டு நாள் வருவார், ரைஃபிளைத் துடைப்பார், டீ குடிப்பார், மனைவி வைத்த வத்தக்குழம்பைப் பற்றிப் பேசுவார். அவர் வராத நாளில் எனக்குப் பொழுதே போகாது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இது முதலாளி காதுக்கு எட்டியது. உடனே ரைஃபிளைக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"நாம கடை நடத்தறோமா, கிளப் நடத்தறோமா?"

தேர்தல் இல்லாத நாள்

கொடுத்தனுப்பிய பிறகு மேஜர் வரவில்லை. சாக்கில்லாமல் வர அவருக்குக் கூச்சம்; தேடிப்போக எனக்குக் கூச்சம். மழைக்காலம் முழுக்க அப்படியே கழிந்தது. ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தில் பல நாள் தாடி. ரைஃபிளையும் மிச்சமிருந்த தோட்டாக்களையும் என் மேஜையில் வைத்து, ரசீது போடச் சொன்னார். இப்போது தேர்தல் எதுவும் இல்லையே சார் என்றேன். அவர் ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"தெரியும்பா. வீட்ல அதுவும் நானும் மட்டும் இருக்க வேணாம்னு பாக்கறேன்."

முதலாளி என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு டீ சொன்னேன்.

துப்பாக்கி விற்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்தது, ஒன்றை வாங்கிப் பூட்டி வைத்ததுதான்.