பழைய கிளிப்

என் கணவரின் கால் முறிந்ததற்கு யானை காரணமில்லை. யானை துரத்தியது உண்மைதான். ஆனால் ஆளை விழுத்தியது எங்கள் காட்டுப்பாதை மோட்டார் சைக்கிளின் கிழட்டு என்ஜின். சேற்றில் ஏற இழுவை இல்லாமல் இருமி நின்றது. சைக்கிள் சரிந்து அவர் காலின்மேல் விழுந்தது. யானை இரண்டையும் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். முழங்கால் மடியாது. அன்றிலிருந்து அவர் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு வாயால் மட்டும் விவசாயம் செய்தார்.

எங்கள் வயல் ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டோரம். கதிர் பால் பிடிக்கிற காலத்தில் யானையை விரட்டப் பொழுதுபட ஆள் நின்று வெடி கொளுத்த வேண்டும். அந்தப் பாதையில் ஆட்டோ போகாது. மோட்டார் சைக்கிள் ஓடினால் நெல் எங்களுக்கு, ஓடாவிட்டால் யானைக்கு. எனக்கு ஓடத் தெரியும். என்ஜின்தான் செத்துக் கிடந்தது.

"நான் கழட்டிப் பூட்டுறன். நீங்கள் இருந்து சொல்லுங்கோ" என்றேன்.

"பொம்பிளை என்ஜின் கட்டி ஊர் உருப்பட்ட மாதிரித்தான்."

"ஆம்பிளை கட்டின என்ஜின்தானே உங்களைக் கதிரையில இருத்தினது."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நீளவிட்டவரும் அவர்தான்.

குசினி நிலத்தில் சாக்கை விரித்துக் கழற்றினேன். நட்டுகளைச் சிரட்டைகளில் பிரித்துப் போட்டேன். சிலிண்டரை அரிசிப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த மனுசி, "என்ன பிள்ளை, கோயிலுக்கோ?" என்று கேட்டா. "ஓம் அம்மா, நேர்த்தி" என்றேன். லேத்துக்காரர் சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்கி, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டனும் தந்தார்.

"இனிச் சேறென்ன, சுவரிலயும் ஏறும் அக்கா. முதல் கொஞ்ச நாள் மட்டும் மெல்லமா ஓடுங்கோ."

பிஸ்டனைத் தாங்குவது ஒரு சின்ன இரும்புப் பின். அந்தப் பின் நழுவாமல் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்திருப்பவை கம்பி வளையங்கள், கிளிப் என்பார்கள். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பிஸ்டனோடு புதிதாக இரண்டு வந்திருந்தன. ஒன்று ஒழுங்காக உட்கார்ந்தது. மற்றது குறட்டிலிருந்து வெட்டுக்கிளிபோலப் பாய்ந்து எங்கோ விழுந்தது.

அப்போதுதான் சாமிப்படத்துக்கு விளக்கு வைத்திருந்தேன். தேடிக் கூட்டலாமென்று தும்புத்தடியை எடுத்தேன்.

"எடியே, விளக்கு வைச்சபிறகு கூட்டாத. லட்சுமி வெளிக்கிட்டிடுவா."

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கே கச்சான் கடலைக் கடைக்காக வருகிற மனிதர் இதைச் சொன்னார். ஆனாலும் என் கை நின்றுவிட்டது. சின்ன வயதில் அம்மா ஏற்றிவிட்ட பயம், இலேசில் போகாது. முழங்காலில் தவழ்ந்து கையால் நிலமெல்லாம் தடவினேன். கிடைக்கவில்லை.

"பழைய கிளிப் கிடக்குத்தானே, அதைப் போடு. எத்தினை தரம் நான் பழசைப் போட்டு ஓடினனான். ஒண்டும் செய்யாது."

மற்ற எதில் என்றாலும் சண்டை பிடித்திருப்பேன். என்ஜின் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். போட்டு மூடினேன். விடிந்ததும் குசினியைக் கூட்டிக் குப்பையைக் கிளறினேன். அதிலும் கிளிப் இல்லை.

அவருடைய களிசானைப் போட்டுக்கொண்டு கிக்கரை உதைத்தேன். பெரிய பிஸ்டன் என் காலைத் திருப்பி உதைத்தது. விடவில்லை நான். என்ஜின் பிடித்ததே ஒரு பிடி! அந்தச் சத்தத்தில் கோழிகள் வேலிக்கு அங்கால் பறந்தன. சிரித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். புளித்த கூழைக் குடித்தவர் மாதிரி இருந்தார்.

"கழட்டு என்ர களிசானை" என்றார்.

லேத்துக்காரர் சொன்னபடி மெல்லத்தான் ஓடினேன். இரண்டு பின்னேரம் போய் வெடி கொளுத்திவிட்டு வந்தேன். அடுத்த பின்னேரம் பாதிக் காட்டில் என்ஜின் கீச்சென்று கத்தியது. பின்பக்கச் சில்லு சுழலாமல் இறுகியது. மணலில் போய் விழுந்தேன். கிக்கரில் ஏறி நின்றும் அசையவில்லை. பக்கத்துப் பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. ஐயோ, அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். கிளச்சைப் பிடித்தபடி வீடுவரை அழுதழுது தள்ளினேன்.

அவர் என் கை உரசலைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

விடிய நடந்து போய்ப் பார்த்தேன். வயலில் பாதி இல்லை. தின்றதைவிட மிதித்தது அதிகம்.

வந்து என்ஜினைத் திறந்தேன். பழைய கிளிப் கழன்று, பின் நழுவி, புதிதாகக் கடைந்த சுவரை உழுது வைத்திருந்தது. நான் என்னையே திட்டிக்கொண்டேன். அந்தத் திட்டு உடுப்புத் தோய்க்கும்வரைதான். அவருடைய சட்டைப்பையில் விரலுக்கு ஏதோ குத்தியது. எடுத்தேன். புதுக் கிளிப், ஒயில்கூடக் காயவில்லை. கதிரைக்குக் கீழே விழுந்ததைக் கையை விட்டு எடுத்திருக்கிறார். எடுத்து வைத்துக்கொண்டு நான் தவழ்ந்து தேடுவதைப் பார்த்திருக்கிறார். லட்சுமியாம்!

ஈரக் கையோடு போய் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"சனம் என்ன கதைக்குது தெரியுமோ?" என்றார். "பெண்டில் ஓடுறாள், புருசன் கதிரையில எண்டு. நான் என்ன செத்தே போனன்?"

"என்னை யானையிட்டை விட்டிட்டீங்கள்."

"சும்மா நிண்டிடும் எண்டுதான் நினைச்சனான். விழுவாய் எண்டு நினைக்கேல்லை."

வைக்கற்பட்டடை நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அதையும் சொன்னேன், இன்னும் எழுத முடியாததையெல்லாம் சொன்னேன்.

மிச்சப் பாதி வயல் இன்னும் நின்றது. திரும்பவும் பஸ், திரும்பவும் லேத். "காயம் ஆழம் அக்கா. இன்னும் ஒரு சைஸ் பெருசாக்கத்தான் வேணும்" என்றார் லேத்துக்காரர். என் மனுசன் செய்த புண்ணியத்தில் என்ஜினுக்கு இன்னும் பலம் வந்தது.

இந்தமுறை பகல் வெளிச்சத்தில் சாக்கை விரித்தேன். கதிரையோடு அவரைச் சாக்குக்குக் கிட்ட இழுத்தேன். ஒரு பக்கம் நான் பூட்டினேன். மற்றப் பக்கத்துக்குக் குறட்டையும் அவருடைய சட்டைப்பைக் கிளிப்பையும் அவர் கையில் வைத்தேன்.

"நீங்களே பூட்டுங்கோ."

"எனக்கு எட்டேல்லை."

"எட்டும். பொழுதுபட நீங்களும் பின்னால ஏறி வயலுக்கு வாறீங்கள்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பகிடி இல்லை என்று விளங்கியிருக்க வேண்டும். கிளிப்பை அமத்திப் பூட்டினார். நகத்தால் சுற்றிப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார், துணியால் துடைத்துவிட்டு இன்னொருக்காலும் பார்த்தார். அவ்வளவு கவனமாக அவர் என்னைக்கூடத் தொட்டதில்லை.

பொழுதுபட அவரைத் தூக்கிப் பின்னால் இருத்தினேன். மடியாத கால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலைச் சைக்கிளில் கட்டினேன். படலையில் நின்ற சனம் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று மெல்லப் போனேன். காட்டுக்குள், நான் விழுந்த இடம் வந்ததும் என்ஜினை நிப்பாட்டினேன்.

"ஏன் நிப்பாட்டினனீ?"

ஹாண்டிலில் இருந்து கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பற்றைக்குள் ஒரு கொப்பு முறிந்தது. அவர் விரல்கள் என் தோளில் பதிந்தன.

"எடு! எடடி!"

"கிளிப்பை ஒழுங்காப் பூட்டினனீங்களோ?"

"ஓம்."

"கேக்கேல்லை."

"ஓம், பூட்டினனான். அம்மாளாச்சி சத்தியமாப் பூட்டினனான்!"

இன்னொரு கொப்பு, இன்னும் கிட்ட. அவர் என் முதுகில் முகத்தை வைத்து அழத் தொடங்கினார். அழுது முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுத்தான் கிக்கரில் காலை வைத்தேன்.