மாயக்காள் அவிக்காமல் விட்ட சோயாத் தண்ணீர்

மாயக்காள் பூஞ்சை வளர்த்துப் பிழைத்தவள் என்றால் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், நடந்தது அதுதான். பன்னிரண்டு வருசம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே புட்டு அவித்து விற்றவள், இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். அங்கேயும் அவிக்கிற வேலைதான். கோதுமைத் தவிட்டை ஈரமாக்கி, ஆவியில் அவித்து, ஆறவைத்து, பூஞ்சை வித்தைத் தூவுவாள். நாலாம் நாள் தட்டு முழுக்க மஞ்சளும் பச்சையுமாகப் பொசுபொசுவென்று பூத்து நிற்கும். அதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் நேரம் எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியாது. பூ கலைந்துவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள்.

பூத்த தவிட்டை ஊறவைத்து வடித்தால், புரதத்தை நறுக்குகிற நொதி தண்ணீரில் இறங்கிவிடும். அதைச் சோயா மாவுக் கரைசலில் விட்டால் சோயாப் புரதம் துண்டு துண்டாகும். அந்தத் துண்டுகளில் சில, பதனிடாத பச்சைத்தோலை அரிக்கிற வேறொரு நொதியின் வாயைக் கட்டிவிடும். ஆராய்ச்சி மாணவி ஆனந்தி கண்டுபிடித்தது இதைத்தான். இரண்டு முறை சரியாக வந்தது. மூன்றாம் முறையும் வரவேண்டும், இல்லாவிட்டால் இதை விட்டுவிட்டு வேறு தலைப்பு எடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த மூன்றாம் முறை பார்த்து ஆனந்திக்குக் காய்ச்சல். "அக்கா, சோயாத் தண்ணிய கடைசியா இருவது நிமிசம் கொதிக்கிற தண்ணியில வச்சு எடுத்துருங்க" என்று போனில் சொன்னாள். மாயக்காள் வைக்கவில்லை. தவிட்டைத்தான் முதலிலேயே அவித்தாயிற்றே. அவித்ததைத் திரும்ப அவிப்பது, முந்தாநாள் புட்டைச் சூடுகாட்டி விற்கிறவன் வேலை. அது அவள் கைக்கு வராது.

திங்கட்கிழமை ஆனந்தி வந்து, தோலரிக்கும் நொதியோடு சோயாத் தண்ணீரைக் கலந்து கறுப்பு எக்ஸ்ரே பிலிமில் பொட்டுப் பொட்டாக வைத்தாள். பிலிமில் கறுப்பு ஒட்டியிருப்பது ஒரு புரதப் பசையில். நொதி கட்டுப்பட்டால் கறுப்பு நிற்கும், கட்டுப்படாவிட்டால் கறுப்பைத் தின்றுவிடும். கழுவிப் பார்த்தால் பொட்டெல்லாம் வெளுத்து, அதன் வழியாக ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை தெரிந்தது.

"ரெண்டு வருசம் போச்சுக்கா" என்று அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சொன்னால் வேலை போகலாம் என்று மாயக்காளுக்குத் தெரியும்.

"அழுகாதத்தா. நான்தான் அவிக்கல."

"என்னது?"

"ஒருக்கா அவிச்சத மறுக்கா அவிப்பாகளா? நாங்க நாணயமா யாவாரம் பண்ணவுக."

"ஐயோ அக்கா! நீங்க அவிச்சது தவிட்ட. நொதி அதுக்கப்புறம் பூஞ்சையில பொறந்தது. அத அவிச்சு அடக்கலேன்னா அதுவே பிலிமத் தின்னுராதா?"

"அப்ப இம்புட்டையும் தின்னது நம்ம பூஞ்சையா?"

"பெருமைய பாரு!"

குளிர்பெட்டியில் மீதித் தண்ணீர் இருந்தது. அதை இருபது நிமிசம் கொதிநீரில் வைத்தார்கள். மாயக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாள். புது பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, தோலரிக்கும் நொதியை மட்டும் வைத்த பொட்டு வெளுத்திருந்தது. சோயாத் தண்ணீர் கலந்த பொட்டுகளோ இருந்த இடமே தெரியவில்லை. அம்புட்டும் கறுப்பு. முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட மாயக்காள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுங்கக்கா, சார்கிட்ட காட்டணும். மொத பிலிம் ஏன் வெளுத்துச்சுன்னும் எழுதணும்."

"எழுதிக்க. எம்பேரையும் எழுதிக்க. செத்த பொறு, ஈரம் காயட்டும்."